பேரிடர் மீட்சியில் கொடைப்பொறி: கூடலூர் வயல்களை முன்னிட்ட ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

லோயர்கேம்ப் மின்நிலையத்தைக் கடந்து இறங்கும் முல்லைப் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் பாயும் வயல்கள் கூடலூர் வயல்கள். அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குரிய ஆயக்கட்டு. அணையில் நீர் நிற்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அப்போது நாற்றுப் பாவி நடும் முதல்போகம் அறுப்புக்கு வரும் காலமும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் ஒன்றே. ஆகவே இங்கு அறுவடைக் காலத்து வெள்ளம் எதிர்பாராத விபத்து அன்று; பாசன நாள்காட்டியிலேயே எழுதப்பட்டுள்ள இடர். 2025 அக்டோபரில் மலையிலும் பள்ளத்தாக்கிலும் கொட்டிய மழையில் ஆறு பெருக்கெடுத்து நெல்வயல்கள் மூழ்கியதை இவ்வட்டாரம் கண்டது.

இத்தகைய இடருக்குப் பின் உழவர்க்கு இயந்திரம் கொடையாக வருகிறது. அரசுத் துறை, தொண்டு நிறுவனம், தொழிற்சாலை, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் எனக் கொடுப்போர் பலர். அக்கொடை எந்த நிபந்தனைகளின்கீழ் மீட்சியாகிறது, எந்த நிபந்தனைகளின்கீழ் கொட்டகையில் நிற்கும் இரும்பாகிவிடுகிறது என்பதே நாம் ஆராயும் வினா. சான்றுகளைப் பெரிதும் 2018 கஜா புயலிலிருந்தும், ஓரளவு 2004 ஆழிப்பேரலையிலிருந்தும் எடுக்கிறோம். கூடலூரை உரைகல்லாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு: நஞ்சை, பந்தல் தோட்டம், மலையடிவார மானாவாரி ஆகிய மூன்றும் ஓர் ஊரின் எல்லைக்குள்ளேயே அமைந்த இடங்கள் அரிது.

நம் துணிபை முன்னரே கூறிவிடுவது முறை. கொடையின் அலகு இயந்திரம் அன்று. உரிய கெடுவுக்குள் வயலில் ஓடிய மணிநேரமே அதன் அலகு. எத்தனை வண்டி தந்தோம் என்ற கணக்கு கொடுப்பவரின் மனநிறைவை அளக்கும். உழவரின் மீட்சியை அளக்காது.

2. வரையறைகள்

நிவாரணம், மீட்சி என்னும் இரண்டையும் நாளிதழ்கள் ஒன்றாகவே வழங்குகின்றன. நாம் பிரிக்கிறோம். உயிரையும் உடலையும் காக்கும் உடனடி உதவி நிவாரணம்: உணவு, தார்ப்பாய், மருந்து, குடிநீர். உழவர் தம் நிலத்தில் தம் பொறுப்பில் அடுத்த பயிரை எழுப்பும் நிலைக்குத் திரும்புவது மீட்சி. நிவாரணத்துக்கு வேண்டியது விரைவு. மீட்சிக்கு விரைவோடு வரிசையும் வேண்டும்.

கொடைப்பொறி என்பது பேரிடரை முன்னிட்டு, விலையின்றியோ அடக்கச் செலவுக்கும் குறைந்த வாடகைக்கோ உழவர் பயன்பாட்டுக்கு வரும் இயந்திரம். மானிய இயந்திரத்தை இதில் சேர்க்கவில்லை. மானியம் பெற உழவர் தம் பங்குத் தொகையைக் கட்ட வேண்டும். பயிரைப் பறிகொடுத்த மாதத்தில் அவரிடம் இல்லாதது அந்தப் பங்குத் தொகைதான்.

பொறிநேரம் என்பது ஓட்டுநர், எரிபொருள், பழுதற்ற வேலையுறுப்பு ஆகிய மூன்றும் கூடிய நிலையில் ஓர் இயந்திரம் வயலுக்குள் வேலைசெய்யும் ஒரு மணி. வழியில் கழியும் நேரம் இதில் சேராது. பட்டறையில் கழிவதும் சேராது. இவ்வளவை நாம் புதிதாகப் படைக்கவில்லை. ரோட்டவேட்டர் ஆயினும் ஜேசிபி ஆயினும் அறுவடை இயந்திரம் ஆயினும் ஊரில் பேச்சு மணிக்கணக்கில்தான் நடக்கிறது. கொடுப்போர் மட்டுமே எண்ணிக்கையில் பேசுகின்றனர்.

பணிக்கெடு என்பது ஒரு வேலை பயன்தரக்கூடிய கடைசி நாள். அந்த நாளுக்குப் பிறகும் வேலை நடக்கலாம், பயன் இராது. ஒவ்வொரு பேரிடர்ப் பணிக்கும் இத்தகைய கெடு உண்டு என்பதும், அதை விதிப்பது அலுவலகம் அன்று, பூச்சியும் ஈரமும் பருவமும் என்பதும் இக்கட்டுரை முழுதும் அடிப்படையாக நிற்கும் கருத்து.

3. மீட்சியின் நிலைகள்

பேரிடர் கழிந்த வயல் ஐந்து நிலைகளைக் கடக்கிறது: நீக்கம், மீட்பறுவடை, நிலத்திருத்தம், மறுநடவு, இடைக்காலப் பேணல். எல்லா வயலும் எல்லா நிலைகளையும் கடப்பதில்லை. தென்னந்தோப்புக்கு மீட்பறுவடை இல்லை. நெல்லுக்கு இடைக்காலப் பேணல் ஏறக்குறைய இல்லை. ஆயினும் வரிசை மாறுவதில்லை. ஒரு நிலைக்கு உயிரான இயந்திரம் அடுத்த நிலையில் இடைஞ்சலாவதும் உண்டு.

3.1 நீக்கம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. வலுக்குறைந்த பின்னும் உள்மாவட்டங்களில் மழையையும் காற்றையும் வாரியிறைத்தபடி திண்டுக்கல், தேனிப் பக்கமாக மேற்கே நகர்ந்து கேரளத்துக்குப் போயிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் வட்டாரங்களில் தென்னை இலட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன.

அரசு அறிவித்த உதவியின் அமைப்பு நம் வினாவுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் மரத்தின் இழப்புக்கு. 500 ரூபாய் அம்மரத்தை வெட்டி அகற்றுவதற்கு. எக்டருக்கு 175 மரம் என்ற கணக்கில் மொத்தம் 1,92,500 ரூபாய். அதில் 87,500 ரூபாய் அகற்றும் கூலி. இழந்த மரத்தின் மதிப்புக்கு ஏறத்தாழ ஈடாக அதை அகற்றும் வேலை மதிப்பிடப்பட்டிருக்கிறது. நீக்கம் என்பது மீட்சிக்கு முந்தைய சிறு துப்புரவு வேலை என்று எண்ணுவோர் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பணம் ஒதுக்கியாயிற்று, ஆனால் ஒரே வாரத்தில் ஊர் ஊராக எல்லாருக்கும் அதே ஆளும் அதே ரம்பமும் தேவைப்பட்டால் பணத்துக்கு வேலை கிடைக்காது. கொடைப்பொறிக்கு மிகத் தெளிவான இடம் இங்கேதான். பணத்தட்டுப்பாட்டை நீக்குவது அன்று அதன் பணி; குறுகிய காலத்துக்கு எழும் பொறிநேரத் தட்டுப்பாட்டை நீக்குவதே.

இந்த நீக்கத்துக்குக் கெடு விதித்தது வண்டு. காண்டாமிருக வண்டு மக்கும் தென்னைத் தண்டில் முட்டையிடுகிறது; புழு அதற்குள்ளேயே வளர்ந்து வண்டாகி, புயலுக்குத் தப்பி நிற்கும் மரத்தின் குருத்தைத் துளைக்கிறது. காயம்பட்ட மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வருகிறது. எனவே விழுந்த மரத்தை அகற்றாமல் விட்டால் இழப்பு விழுந்த மரத்தோடு நிற்பதில்லை. சில மாதங்களுக்குள் அகற்றப்படாத தோப்பு, நின்ற மரங்களையும் அடுத்து நடப்போகும் கன்றுகளையும் அடைமானம் வைத்துவிடுகிறது.

அகற்றும் கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கொடையாகச் சென்றவற்றில் முதன்மையானது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின். தென்னைத் தண்டின் கடினம் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. அவ்வோரத்து நாரில் சிலிக்காவும் உண்டு. மண்ணில் கிடக்கும் தண்டை அடிவரை அறுத்தால் சங்கிலியின் நுனி தரையைத் தொட்டு மணலைக் கடிக்கும். ஒரு தடவை கடித்தாலே பற்கள் மழுங்கும். பிறகு மிஷின் அறுப்பதில்லை, தேய்க்கிறது. சிராய் வரவேண்டிய இடத்தில் தூள் வருகிறது. பிடித்திருப்பவர் தம் உடலின் எடையைப் போட்டு அழுத்தத் தொடங்குகிறார். விபத்து நேரும் கட்டம் அதுதான். ஆகவே உருண்டை அரம், மாற்றுச் சங்கிலி இரண்டு, பெட்ரோலில் கலக்க 2டி ஆயில், முகக்கவசம், காலுறை ஆகியவை மிஷினோடு சேர்ந்த ஒரே பொருள் என்று கொள்ள வேண்டும். 2டி ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புத்தம்புதிய மிஷின் அன்றே பட்டறைக்குப் போகும். அரம் அற்ற மிஷினை அனுப்புவோர் சில மணிப் பொறிநேரத்தை மட்டுமே அனுப்புகின்றனர். மீதி பெட்டிக்குள் இருப்பது கனம்.

மின்கம்பங்கள் விழுந்ததால் இன்னொரு நீக்கப்பணியும் எழுந்தது: தண்ணீரை வெளியேற்றுதல். மோட்டார் இருந்தும் மின்சாரம் இல்லாத நாட்களில் டீசல் இஞ்சினும் ஜெனரேட்டருமே ஊரைத் தாங்கின. மின்சாரம் திரும்பிய அன்றே அவற்றின் கெடு முடிந்தது. இவ்வகை இயந்திரத்தை நிரந்தரக் கொடையாகத் தருவதற்குப் பொருளாதாரக் காரணம் ஏதும் இல்லை, இரவலே போதும்.

3.2 மீட்பறுவடை

இந்நிலை நெல்லுக்கு உரியது; கூடலூருக்கு மிக நெருக்கமானதும் இதுவே. சாய்ந்து நீரில் கிடக்கும் கதிர் சில நாட்களில் முளைகட்டும். டயரில் ஓடும் அறுவடை இயந்திரம் அச்சேற்றில் இறங்காது, இறங்கினாலும் ஏறாது. பெல்ட் மிஷின் இறங்கும். ஆனால் அதன் மணி வாடகை அதிகம். சாய்ந்த பயிரில் ஏக்கருக்குப் பிடிக்கும் நேரமும் அதிகம். ஓட்டுநர் அறுக்கும் தலையைத் தரையோடு தாழ்த்தி, சாய்ந்த திசைக்கு எதிரே ஓட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வெறும் வண்டியாகத் திரும்பி வந்து அடுத்த ஓட்டத்தைத் தொடங்குவார். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். விளைச்சல் பாதியாகக் குறைந்த ஆண்டில் அறுப்புக் கூலி கூடிவிடுகிறது. அறுக்காமலே விட்டுவிடலாமா என்று உழவர் கணக்குப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். அக்கணக்கை மாற்றுவதற்குச் சில மணிப் பொறிநேரம் போதும்.

அறுத்த நெல்லின் இடர் அத்தோடு முடிவதில்லை. நேரடிக் கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. மழையாண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு ஓரளவு தளர்த்துவது உண்டு. அத்தளர்வு வந்து சேர்வதற்குள் குவித்த நெல் சூடேறிவிடும். சாலையில் உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். ஆதலால் இந்நிலையில் தேவைப்படும் கொடைப்பொறி அறுவடை இயந்திரத்தோடு முடிவதன்று; நடமாடும் நெல் உலர்த்தியும் சேர்ந்ததே. நாம் கண்ட கொடைப் பட்டியல்களில் டிராக்டருக்கு முதலிடம் உண்டு, உலர்த்திக்கு இடமே இருப்பதில்லை. டிராக்டர் புகைப்படத்துக்கு ஏற்றது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

3.3 நிலத்திருத்தம்

வெள்ளம் மண்ணைக் கொண்டுபோகும், அல்லது கொண்டுவந்து கொட்டும். இரண்டும் திருத்த வேண்டியவை; ஆனால் இரண்டுக்கும் ஒரே இயந்திரம் என்று எண்ணுவது பிழை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்ட வயல்களில் இது தெளிவாகத் தெரிந்தது. கடல் கொண்டுவந்த சேற்றையும் மணலையும் இயந்திரத்தால் வழித்தெடுக்க முடிந்தது. உப்பை எடுக்க முடியவில்லை. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடிப்பதும், தக்கைப்பூண்டு விதைத்துப் பூப்பதற்குள் மடக்கி உழுவதும், மட்கிய எரு சேர்ப்பதுமே நிலத்தை மீட்டன. கோ. நம்மாழ்வாரும் அவரைச் சார்ந்த இயற்கை உழவர்களும் அப்பகுதியில் ஆற்றிய பணி இவ்வழிப்பட்டது. இயந்திரத்தின் பங்கு அதில் உண்டு. வழித்தல், வரப்பு எழுப்பல், மடக்கி உழுதல் என்று மூன்று இடங்களில். ஆனால் அவை அடுத்தடுத்த நாட்களில் வரும் வேலைகள் அல்ல. நடுவே மாதங்கள் கழிகின்றன. தொடர்ந்து நிற்கும் ஓர் இயந்திரம் அங்கு பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்கும்.

ஈரம் காயாத வயலில் கனத்த இயந்திரத்தை இறக்கினால் அடிமண் இறுகிவிடும் என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப மனமின்றி ஓட்டவிட்டு, வடிகால் கெட்ட வயலைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் சுமப்பது கொடையால் வரும் தனிவகைச் சேதம்.

3.4 மறுநடவும் இடைக்காலப் பேணலும்

மறுநடவில் சிக்கல் குறைவு. தென்னைக்கு மூன்றடிக் குழி தோண்டும் கருவி, நெல்லுக்கு நடவு இயந்திரம், மானாவாரிக்கு விதைப்புக் கருவி ஆகியன ஏற்கெனவே வாடகைக்குப் புழங்குபவை. கெடுவும் பருவத்தோடு ஒட்டி முன்கூட்டியே தெரியும். இடைக்காலப் பேணலோ நீண்டது. நெட்டைத் தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஊடுபயிரே வருவாய். சிறிய களையெடுக்கும் மிஷினும் பவர் டில்லரும் இந்நிலைக்கு உரியவை. உரிமையோடு தரத்தக்க கொடை இருக்குமாயின் அது இவ்விடத்துக்கே பொருந்தும். வழக்கில் நடப்பதோ தலைகீழ்: முதல் மாதத்தில் பெரிய வண்டிகள் வந்து சேருகின்றன, மூன்றாம் ஆண்டில் யாரும் வருவதில்லை.

4. கொடையின் வகைகள்

கொடுக்கப்படும் பொருளின் தன்மையை நோக்கி நான்கு வகை காண்கிறோம். இயந்திரத்தின் உரிமையையே மாற்றித் தருவது உடைமைக் கொடை. குறித்த காலத்துக்கு இரவலாகத் தருவது இரவற்கொடை. உரிமையைத் தம்மிடமே வைத்து வேலைநேரத்தை மட்டும் தருவது நேரக்கொடை. உள்ளூர் வாடகை இயந்திரங்களின் நேரத்தை விலைக்கு வாங்கி உழவர்க்குத் தருவது வாங்குநேரக் கொடை.

நேரக்கொடைக்குத் தமிழ்நாட்டில் பேரளவுச் சான்று ஒன்று உண்டு; அது இயற்கைச் சீற்றத்தை ஒட்டியதன்று, பெருந்தொற்றை ஒட்டியது. 2021இல் டாஃபே நிறுவனம் தன் வாடகைச் சேவையில் இருந்த 16,500 டிராக்டர்களையும் 26,800 உழவுக் கருவிகளையும், 2 ஏக்கருக்கு மேற்படாத நிலமுள்ள உழவர்களுக்கு இரண்டு மாத காலம் வாடகையின்றித் தருவதாக அறிவித்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 எக்டர், அதாவது 2 ஏக்கருக்குள். ஆகவே அந்த வரம்பு ஓரத்தில் நிற்கும் சிலரை நோக்கியதன்று. நடுவில் நிற்கும் உழவரையே நோக்கியது. எந்த உழவரும் அத்திட்டத்தில் டிராக்டர் உரிமையாளர் ஆகவில்லை. உழவு மட்டும் நடந்தது. நாம் கூறும் அலகைத் தொழில் நடத்துவோர் தாமே கண்டறிந்துள்ளனர் என்பதற்கு இதைச் சான்றாக வைக்கிறோம்.

ஓட்டுநரையும் கொடையின் உறுப்பாகக் கொண்டதற்குப் பழைய சான்று சீனாவில் கிடைக்கிறது. 1938இல் போரின்போது கரை உடைக்கப்பட்ட மஞ்சள் ஆறு பரந்த விளைநிலத்தை வண்டலில் மூழ்கடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐக்கிய நாடுகளின் நிவாரண மறுவாழ்வு அமைப்பு அந்நிலத்தை மீட்க டிராக்டர்களை அனுப்பியது. கூடவே 1946-47இல் பிரெத்ரன் திருச்சபையைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது அமெரிக்கத் தொண்டர்களும் சென்றனர்; ஓட்டிக்காட்டவும் உள்ளூராருக்கு ஓட்டக் கற்றுத்தரவும். பேரிடர் மனிதர் விளைத்தது எனினும் மீட்சியின் இயக்கம் ஒன்றே.

5. கொடை பயனற்றுப்போகும் காரணங்கள்

காரணங்களை உட்காரணம், புறக்காரணம் என இரண்டாகப் பகுக்கலாம். உதிரிப்பாகம் கிடைக்காமை, ஓட்டத் தெரிந்தவர் இன்மை, டீசலுக்குப் பொறுப்பேற்பவர் இன்மை ஆகியவை உட்காரணங்கள். இவற்றுள் டீசலே மிகுதியும் மறக்கப்படுவது. ரோட்டவேட்டர் பூட்டிய டிராக்டர் மணிக்கு நான்கைந்து லிட்டர் குடிக்கும். வாடகையில்லா டிராக்டர் என்றாலும் டீசல் உழவர் பொறுப்பு என்றால், பயிர் போன மாதத்தில் அது இலவசம் ஆகாது.

புறக்காரணம் ஊரின் பொருளாதாரத்தைச் சார்ந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் படகுகள் தேவைக்கு மேல் குவிந்ததும், அவற்றுள் பல தரம் குறைந்து நின்றதும் மீட்புப் பணியாளர் அறிந்த செய்தி. படகு கட்டிப் பிழைத்தவரும் கூலிக்குக் கடலுக்குப் போனவரும் அதனால் அடைந்த குழப்பம் குறைவாகவே பேசப்பட்டது. உழவில் அதற்கு இணையானவர் வாடகை வண்டிக்காரர். அவரும் பெரும்பாலும் சிறு உழவரே. கடனில் டிராக்டர் எடுத்துத் தம் நிலம் போக ஊர் நிலத்தை உழுது தவணை கட்டுபவர். பேரிடர் மாதத்தில் இலவச டிராக்டர்கள் ஊருக்குள் இறங்கினால் அவருடைய தவணை தவறும். கொடை வண்டிகள் திரும்பிப் போன பின் ஊரில் ஓடக்கூடிய வண்டி ஒன்று குறைந்திருக்கும். இதனாலேயே வாங்குநேரக் கொடையை நாம் பிற வகைகளுக்கு மேலாக மதிக்கிறோம். உள்ளூரில் அறவே இல்லாத பெல்ட் மிஷின், உலர்த்தி போன்றவற்றுக்கே இரவற்கொடை உரியது. இருக்கும் டிராக்டருக்கு மேல் டிராக்டரை அனுப்புவது, கேட்பவர் யார் என்று பாராத ஈகை.

6. பொருத்தம்: கூடலூரின் மூவகை நிலம்

ஒட்டான்குளம், தாமரைக்குளம் பக்கத்து நஞ்சைக்கு வேண்டியது இன்னதென மீட்பறுவடைப் பகுதியில் கூறினோம். ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். மடைக்கு மடை நீரோடும் சிறு வயல்களில் பெல்ட் மிஷின் ஒரு வரப்பைத் தாண்டும்போது அதை மிதித்தே செல்கிறது. ஒருவர் வயலில் கிடைத்த பொறிநேரம் மற்றொருவர் வரப்பை உடைத்துவிட்டால் இரண்டாம்போக நீர் முறை கெடும். எனவே மிஷினோடு வரப்புக் கட்டும் ஆட்கூலியையும் கொடைக்குள் அடக்க வேண்டும்.

பந்தல் தோட்டம் வேறு உலகம். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்தூண் நட்டு, ஆளுயரத்துக்குச் சற்று மேலே கம்பி வலை பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிடுவது இங்குள்ள முறை. சுழல்காற்றில் ஒரு தூண் ஒடிந்தால் கம்பியின் இழுவிசை அடுத்த தூணையும் சாய்க்கிறது. கொடியும் காயும் ஏறிய பாரம் மொத்தமும் வரிசையாக இறங்குகிறது. இதைத் தூக்கிநிறுத்த ஜேசிபி உள்ளே போக முடியாது. போனால் எஞ்சிய கொடியும் வேரும் போகும். இங்குத் தேவைப்படுவன செயின் பிளாக், கம்பி இறுக்கும் கருவி, முட்டுக்கொடுக்கக் குழாய்கள், பழகிய நான்கு பேர். விலை சிறிது, பயன் பெரிது. இவற்றைப் பேரிடர்க் கொடையாக எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை, இயந்திரம் என்ற தோற்றமே இல்லாமையால். கெடுவும் கடுமையானது: தரையில் கிடக்கும் கொடியை ஈரம் சில நாட்களில் நோய்க்கு ஒப்படைத்துவிடும்.

தோட்ட நிலத்திலேயே வாழைக்கு விதி மாறுகிறது. ஒடிந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் அடியில் நிற்கும் பக்கக்கன்று உயிரோடு இருந்தால் அதுவே மறுதாம்பு. வரிசைக்குள் டிராக்டர் ஓட்டித் தண்டைத் தூளாக்கும் வேகத்தில் கன்று நசுங்கும். தோட்டத்துக்கு வெளியே ஓரிடத்தில் நிறுத்திவைத்துத் தண்டைத் தூளாக்கும் கருவி இருந்தால் போதும், உள்ளே அரிவாள்.

வெட்டுக்காடு முதலிய மலையடிவார மானாவாரியில் சேதத்தின் முகம் அரிப்பு. ஓடை திசைமாறி மேல்மண்ணை வாரிப்போகும், கரை உடையும். இங்குப் புல்டோசருக்கும் ஜேசிபிக்கும் ஐயமற்ற இடம் உண்டு. வேளாண் பொறியியல் துறை இவற்றை மணி வாடகைக்குத் தருவதால் வாங்குநேரக் கொடை நேராக அத்துறைக்கு வாடகையாகவே செல்லலாம். புதிய இயந்திரம் ஒன்றும் வேண்டா.

7. உரிமையும் கணக்கும்

யாருக்குக் கொடுப்பது? பண நிவாரணம் பட்டாவைப் பின்தொடர்கிறது. வாரத்துக்கோ வாய்மொழிக் குத்தகைக்கோ உழுபவரின் பெயர் பட்டாவில் இராது. அடங்கலில் ஏறுவதும் எளிதன்று. பயிர் இழந்தவர் ஒருவர், உதவி பெறுபவர் மற்றொருவர் ஆகும் நிலை இதனால் எழுகிறது. பொறிநேரத்துக்கு இங்கே ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. மிஷின் வயலுக்கு வருகிறது, பெயருக்கு வருவதில்லை. நிற்கும் பயிரை அறுத்துக் கொடுத்தால் அந்நெல் பயிரிட்டவர் கைக்கே போகும். உழுபவர் யார் என்பதை வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் பக்கத்து வயல்காரரும் அறிவர். அவ்விருவரின் சொல்லைச் சான்றாக ஏற்கும் விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது? தனியாளிடம் கொடுத்த இயந்திரம் தனியாளின் இயந்திரமாகும். இது குற்றச்சாட்டு அன்று, இயல்பு. தமிழ்நாட்டில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் நூறு உழவர் கொண்ட உற்பத்தியாளர் குழு ஒவ்வொன்றுக்கும் 5 இலட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டு, அதில் பண்ணை இயந்திரங்கள் வாங்கப்பட்டன. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தின்கீழ் வாடகை மையங்களும் எழுந்தன. புதிய அமைப்பு ஒன்றைப் பேரிடர் நடுவே தோற்றுவிப்பதைவிட, இருக்கும் குழுவின் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவது மேல். அப்பக்கத்தில் நான்கு பத்தி போதும்: வயல், உழுபவர், மீட்டர் தொடங்கிய எண், முடிந்த எண். கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையும் அதுவே. இயந்திரத்தின்மேல் கொடையாளர் பெயரை எத்தனை பெரிய எழுத்தில் எழுதுவது என்பது குறித்துக் குழுக்கள் செலவிடும் நேரத்தில் இதைப் பலமுறை நிரப்பிவிடலாம்.

முறைவரிசை எது? முதலில் கேட்டவருக்கு முதலில் என்பது நேர்மையாகத் தோன்றும். செல்பேசியும் சாலையோர நிலமும் உள்ளவரே முதலில் கேட்பார். கெடு முந்திய வயலுக்கு முதலில் என்பதே நம் விதி: முளைகட்டத் தொடங்கிய வயல், பின்பு சாய்ந்து நீர் வடிந்த வயல், பின்பு நின்ற பயிர். கெடு ஒத்திருந்தால் நிலம் குறைந்தவருக்கு முதலுரிமை.

8. கொடை முடியும் இடம்

இரவற்கொடைக்கு முடிவு தேதி இருக்கும். உடைமைக் கொடைக்கும் அத்தகைய தேதி ஒன்று தேவை என்பதை ஏற்போர் குறைவு. குழுவின் கையில் வந்த பவர் டில்லர், பேரிடர்ப் பணி முடிந்த பின் சாதாரண வாடகைக்கு ஓட வேண்டும். அவ்வாடகை உள்ளூர் வண்டிக்காரர் வாங்குவதற்குக் கீழே போகக்கூடாது, போனால் முன்சொன்ன புறக்காரணம் மீண்டும் தலைதூக்கும். வரும் வாடகையில் ஒரு பகுதி பழுதுக்கும் தேய்மானத்துக்கும் தனிக்கணக்கில் சேர வேண்டும். மூன்றாண்டு முடிவில் பதிவேட்டைப் பார்த்தால் ஓடிய மணி தெரியும். ஓட்டம் குறைவாயின் அவ்வியந்திரம் அவ்வூருக்கு உரியதன்று என்று பொருள். கம்பத்திலோ சின்னமனூரிலோ அது தேவைப்படும் குழுவுக்கு விற்றுவிடலாம். கொடையாக வந்ததை விற்பதா என்ற தயக்கம் எழும். கொடையாளரிடம் முதல் நாளே எழுத்தில் இசைவு வாங்கியிருந்தால் அத்தயக்கத்துக்கு இடம் இராது. விற்ற தொகை அடுத்த வெள்ளத்தில் பெல்ட் மிஷினுக்கான வாடகை முன்பணமாகக் குழுவின் கணக்கிலேயே கிடக்கும்.